ஐபி போன்: ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது, குரல் உடைகிறது, அரை நிமிடத்தில் அறுகிறது – எங்கே பார்ப்பது?

கேள்வி சுருக்கமாக இது: திருப்பூரில் ஒரு பின்னலாடை அலுவலகம், சில கிலோமீட்டர் தள்ளி அதன் கிடங்கு. அலுவலகத்தில் ஃப்ரீபிபிஎக்ஸ் (கால்களை இணைத்துவிடும் பிபிஎக்ஸ் மென்பொருள், உள்ளே ஓடுவது ஆஸ்டெரிஸ்க்) போட்ட ஒரு சின்னக் கம்ப்யூட்டர், இரண்டு இடத்திலுமாக 12 ஐபி போன், 100 எம்பிபிஎஸ் ஃபைபர். வெளியே பேச ஒரு சிப் டிரங்க் (இணையம் வழியாக வரும் தொலைபேசி இணைப்பு), கூடவே பழைய லேண்ட்லைன் இரண்டு. கிடங்கோடு பேசும்போது சில நாள் ஒரு பக்கம் மட்டும்தான் கேட்கிறது. மதியத்துக்கு மேல் குரல் உடைகிறது. சில கால்கள் அரை நிமிடத்தில் தானாக அறுந்துவிடுகின்றன. லேண்ட்லைன் வழியாகப் பேசினால் எதிரொலி, பேசி முடித்த பிறகும் லைன் பிஸியாகவே நிற்கிறது. 300 எம்பிபிஎஸ் எடுத்தால் தீருமா, இப்படிப் பேசுவது சட்டப்படி சரிதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

300 எம்பிபிஎஸ் வேண்டாம். அந்தப் பணத்தை நல்ல ரவுட்டரிலும் ஒரு ஸ்டாடிக் ஐபியிலும் (மாறாத இணைய முகவரி) போடுங்கள். நீங்கள் சொன்ன கோளாறுகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் பிறப்பவை. அவற்றில் எதுவும் வேகம் போதாமல் வருவதில்லை.

ஒரு கால் எவ்வளவு இணையம் பிடிக்கிறது என்று கணக்குப் போட்டால் இது விளங்கும். ஜி.711 என்ற கோடெக் (குரலை எண்களாக்கும் முறை) குரலை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதுகிறது. அது 64 கேபிபிஎஸ். போன் இதை 20 மில்லி விநாடித் துண்டுகளாக நறுக்கி அனுப்பும். ஒரு துண்டில் 160 பைட் குரல். அதன் முன்னால் ஆர்டிபி 12 பைட், யூடிபி 8, ஐபி 20 என்று 40 பைட் தலைப்பு. ஆக 200 பைட் பாக்கெட், விநாடிக்கு 50 தடவை, 80 கேபிபிஎஸ். ஈதர்நெட்டின் 18 பைட்டையும் சேர்த்தால் 87.2. இது ஒரு திசைக்கு. 12 பேரும் ஒரே நேரத்தில் பேசினாலும் போக 1.05 எம்பிபிஎஸ், வர 1.05 எம்பிபிஎஸ். உங்களிடம் இருக்கும் 100-இல் நூற்றில் ஒரு பங்கு.

ஐபி போனுக்கு வேண்டியது, அந்த 200 பைட் பாக்கெட் சரியான முகவரிக்குப் போக வேண்டும், 20 மில்லி விநாடிக்கு ஒன்று என்ற ஒழுங்கு குலையாமல் போக வேண்டும். உங்கள் கோளாறுகளில் முக்கால்வாசி இந்த இரண்டில் அடங்கிவிடும்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு காலில் இரண்டு தனித்தனிப் போக்குவரத்து நடக்கிறது. ஒன்று சிப். மணி அடிக்கச் சொல்வது, எடுத்தாயிற்று, வைத்தாயிற்று என்று சொல்வது எல்லாம் அதன் வேலை. வழக்கமாக 5060 போர்ட்டில் (போர்ட் என்பது கம்ப்யூட்டரின் எண்ணிட்ட வாசல்) ஓடும். இன்னொன்று ஆர்டிபி, குரல் போகும் ஓடை. ஆஸ்டெரிஸ்க்கில் இயல்பாக 10000 முதல் 20000 வரையிலான யூடிபி போர்ட்டுகளில் ஓடும். இரண்டும் ஒரே வழியில் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால்தான் மணி ஒழுங்காக அடித்து, எடுத்தால் மௌனமாக இருக்கிறது. மணியே அடிக்கவில்லை என்றால் சிப்பைப் பாருங்கள். மணி அடித்து, எடுத்து, குரல் வரவில்லை என்றால் ஆர்டிபி. குரல் வந்து உடைகிறது என்றால் வரிசை நெரிசல். ஒவ்வொரு முறையும் ஒரே விநாடிக் கணக்கில் அறுகிறது என்றால் மறுபடி சிப்.

இப்போது ஒரு பக்கம் மட்டும் கேட்கும் கோளாறு. கிடங்கில் இருக்கும் போனின் முகவரி 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம். அது அலுவலகத்துக்கு இன்வைட் என்ற செய்தியை அனுப்பும்போது, அந்தச் செய்தியின் உடம்பிலேயே 'எனக்கு வர வேண்டிய குரலை இந்த முகவரிக்கு, இந்தப் போர்ட்டுக்கு அனுப்பு' என்று ஒரு வரி எழுதி வைக்கிறது. எஸ்டிபி என்று சொல்லப்படும் பகுதி அது. போன் அறிந்த முகவரி 192.168.1.20 மட்டும்தான், ஆகவே அதையே எழுதும். கிடங்கு ரவுட்டர் நேட் செய்யும்போது பாக்கெட்டின் வெளித் தலைப்பில் உள்ள முகவரியைப் பொது ஐபியாக மாற்றுகிறது. உள்ளே எழுதியிருப்பதைத் தொடுவதில்லை. அலுவலக பிபிஎக்ஸ் உள்ளே எழுதியதை நம்பி 192.168.1.20-க்குக் குரலை அனுப்புகிறது. இணையத்தில் அப்படி ஒரு முகவரிக்கு வழியே கிடையாது. கிடங்குக்காரர் பேசுவது உங்களுக்குக் கேட்கும், நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்காது.

பிபிஎக்ஸும் ஒரு ரவுட்டருக்குப் பின்னால்தான் இருக்கிறது, அதுவும் இதே தவறைச் செய்யும். ஃப்ரீபிபிஎக்ஸில் 'ஆஸ்டெரிஸ்க் சிப் செட்டிங்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். 'எக்ஸ்டர்னல் அட்ரஸ்' என்ற இடத்தில் அலுவலகத்தின் பொது ஐபி இருக்க வேண்டும். 'லோக்கல் நெட்வொர்க்ஸ்' என்ற இடத்தில் உங்கள் உள் வலை, உதாரணமாக 192.168.10.0/24, இருக்க வேண்டும். வெளியே இருப்பவருக்கு எழுதும்போது பொது ஐபியையும், உள்ளே இருப்பவருக்கு எழுதும்போது உள் முகவரியையும் போட பிபிஎக்ஸுக்கு இந்த இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். கிடங்கு எக்ஸ்டென்ஷன்களில் (பிபிஎக்ஸில் ஒவ்வொரு போனுக்கும் உள்ள உள் எண்) ஆர்டிபி சிமெட்ரிக், ரீரைட் காண்டாக்ட், ஃபோர்ஸ் ஆர்போர்ட் ஆகிய மூன்றும் 'ஆம்' என்று இருக்கட்டும். முதலாவது, உள்ளே எழுதியிருக்கும் முகவரியை விட்டுவிட்டு, குரல் எங்கிருந்து வந்து சேருகிறதோ அங்கேயே திருப்பி அனுப்பும். டைரக்ட் மீடியாவை 'இல்லை' ஆக்குங்கள். அது திறந்திருந்தால் கால் இணைந்தவுடன் பிபிஎக்ஸ் விலகிக்கொண்டு இரண்டு போன்களையும் நேரடியாகப் பேசச் சொல்லும். இருவரும் வெவ்வேறு ரவுட்டருக்குப் பின்னால் இருந்தால், முதல் விநாடி கேட்டுவிட்டு அப்புறம் மௌனம்.

'சில நாள் மட்டும்' என்று சொன்னீர்களே, அது நல்ல துப்பு. உங்கள் ஃபைபரில் ஸ்டாடிக் ஐபி இல்லை என்றால், கரண்ட் போய் வந்து ரவுட்டர் மறுபடி இணையும்போது பொது ஐபி மாறிவிடும். பிபிஎக்ஸில் பழைய முகவரி அப்படியே எழுதியிருக்கும். யாராவது போய் மாற்றும்வரை ஒரு பக்கம் மௌனம்தான். அடுத்த முறை கோளாறு வரும் நாளில் முதலில் இந்த இரண்டு எண்ணையும் ஒப்பிடுங்கள்.

ரவுட்டருக்குள் போகும்போது இன்னொன்றும் பாருங்கள். ரவுட்டரின் வேன் முகவரி (இணையப் பக்கத்து முகவரி) 100.64-க்கும் 100.127-க்கும் நடுவில் தொடங்கினால், உங்களுக்கே தனியான பொது ஐபி கிடையாது. இணைய நிறுவனம் பல வாடிக்கையாளரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடுக்கியிருக்கிறது. போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை உள்ளே திருப்பிவிடும் அமைப்பு) எத்தனை முறை போட்டாலும் வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராது. அலுவலகத்துக்காவது ஸ்டாடிக் ஐபி கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது சிப் ஏஎல்ஜி. ஃபைபரோடு தரும் பெட்டிகள் பலவற்றில் இது திறந்தே வரும். நேட் சிக்கலைத் தானே சரிசெய்வதாக நினைத்து, 5060-இல் போகும் சிப் செய்திகளைத் திறந்து முகவரிகளை மாற்றி எழுதும். பிபிஎக்ஸும் சரிசெய்திருக்கும், இதுவும் திருத்தும், இரண்டும் மோதி விளைவு விசித்திரமாக இருக்கும். ஒரு போன் வேலை செய்யும், பக்கத்துப் போன் செய்யாது. இரண்டு இடத்திலும் அணைத்துவிடுங்கள். பெட்டியில் அணைக்க வழி இல்லை என்றால் சிப்பை வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது டிஎல்எஸ் என்ற மறையாக்கம் போட்டு 5061-இல் ஓட்டுங்கள். செய்தியைப் படிக்க முடியாவிட்டால் கெடுக்கவும் முடியாது.

இத்தனையும் செய்வதற்குப் பதில், உங்கள் நிலையில் நான் பரிந்துரைப்பது இரண்டு ரவுட்டருக்கும் நடுவே ஒரு வயர்கார்ட் விபிஎன், அதாவது இணையத்துக்குள் இரு இடத்தையும் இணைக்கும் தனிச் சுரங்கம். ஒரு பக்கம் ஸ்டாடிக் ஐபி இருந்தால் போதும், மறுபக்கம் நிறுவனத்தின் நேட்டுக்குப் பின்னால் இருந்தாலும் வேலை செய்யும். கிடங்கு போன்கள் பிபிஎக்ஸை அதன் உள் முகவரியிலேயே பார்க்கும், நடுவில் நேட்டே இல்லை. விபிஎன் உறையையும் சேர்த்தால் ஒரு காலுக்கு ஏறக்குறைய 107 கேபிபிஎஸ் ஆகும், அது ஒன்றுமில்லை. மூன்று இடத்தில் கவனம் வேண்டும். இரண்டு இடத்திலும் 192.168.1.0 வலையே இருந்தால் விபிஎன் வேலை செய்யாது, ஒன்றை மாற்றுங்கள். கிடங்கின் வலையையும் பிபிஎக்ஸின் 'லோக்கல் நெட்வொர்க்ஸ்' பட்டியலில் சேர்த்துவிடுங்கள். மறந்தால் பிபிஎக்ஸ் விபிஎன் போனுக்குப் பொது ஐபியை எழுதிக் கொடுக்கும், விட்ட இடத்துக்கே வந்து நிற்பீர்கள். மூன்றாவது, கீப்அலைவ் (வழி மூடாமலிருக்க அனுப்பும் சிறு செய்தி) 25 விநாடி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பேச்சில்லாத நேரத்தில் நேட் வழி மூடிக்கொள்ளும். ஓப்பன்விபிஎன் ஏற்கெனவே இருக்கிறது என்றால் அதுவும் சரி, ஆனால் யூடிபியில் ஓட வேண்டும். டிசிபியில் ஓடினால் தொலைந்த ஒரு பாக்கெட்டை மறுபடி கேட்டு வாங்கும்வரை பின்னால் வரும் குரல் முழுவதும் காத்து நிற்கும். நேரம் கடந்த குரலை யாரும் பயன்படுத்த முடியாது.

அரை நிமிடத்தில் அறுவது அழகாகக் கண்டுபிடிக்கக்கூடிய கோளாறு. கைக்கடிகாரத்தை வைத்து அளந்தால் 30 அல்ல, 32 விநாடி என்று காட்டும். காரணம் சிப்பின் விதியிலேயே இருக்கிறது. ஒருவர் போனை எடுத்ததும் அந்தப் பக்கம் 200 ஓகே என்ற செய்தியை அனுப்பும். கால் செய்தவர் பக்கம் அதற்கு ஏக் என்று ஒப்புதல் அனுப்ப வேண்டும். ஒப்புதல் வராவிட்டால் 200 ஓகே மறுபடி போகும். முதலில் அரை விநாடி கழித்து, பிறகு 1, 2, 4 விநாடி இடைவெளி, அதற்குமேல் ஒவ்வொரு 4 விநாடிக்கும். அரை விநாடியின் 64 மடங்கு, அதாவது 32 விநாடி ஆனதும் 'இவன் ஒப்புக்கொள்ளவே இல்லை' என்று காலை வைத்துவிடும். இதற்கிடையில் ஆர்டிபி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பதால் இருவரும் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இதைக் கண்ணால் பார்க்க ஃப்ரீபிபிஎக்ஸ் கம்ப்யூட்டரில் எஸ்என்கிரெப் என்ற, சிப் செய்திகளைக் காட்டும் கருவியைத் திறந்து, அறுந்த காலைத் தேர்ந்தெடுங்கள். அம்புக்குறிகள் வரிசையாக வரும். ஒரே 200 ஓகே மொத்தம் 11 முறை போயிருந்து, எதிரிலிருந்து ஏக் ஒன்றும் வராமல், கடைசியில் பை என்ற செய்தி இருந்தால் சந்தேகமே வேண்டாம். 200 ஓகேயில் உள்ள காண்டாக்ட் வரியைப் படியுங்கள். அங்கே 192.168 என்று தொடங்கும் முகவரி இருந்தால், எதிர்ப்பக்கம் ஏக்கை அந்த ஊர்பேர் இல்லாத முகவரிக்கு அனுப்பியிருக்கிறது. மருந்து மேலே சொன்னதேதான், எக்ஸ்டர்னல் அட்ரஸும் ஏஎல்ஜியும்.

இதன் உறவுக்காரக் கோளாறு 15 நிமிடத்தில் அல்லது 30 நிமிடத்தையொட்டி அறுவது. 1,800 விநாடி என்று செஷன் டைமர் இருந்தால், பாதி நேரத்தில், அதாவது 900-ஆவது விநாடியில், ஒரு பக்கம் 'இன்னும் இருக்கிறாயா' என்று கேட்கும். அந்தக் கேள்வி ஃபயர்வாலில் செத்துப்போனால் கால் அறும். வெளிநாட்டு வாடிக்கையாளரோடு நீண்ட நேரம் பேசும்போது இது வந்தால் இங்கே பாருங்கள். போன் பதிவானதாகக் காட்டியும் உள்வரும் கால் வராமல் போவதும் இதே இனம்தான். ரவுட்டர்கள் பலவும் பயன்படாத யூடிபி வழியை ஒரு நிமிடத்துக்குள்ளேயே கூட மூடிவிடும், போனோ ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறைதான் மறுபதிவு செய்யும். போனில் கீப்அலைவை 20 முதல் 30 விநாடி வையுங்கள்.

மதியத்துக்கு மேல் குரல் உடைவதற்கு வருகிறேன், இங்கேதான் பலரும் பணத்தை வீணாக்குகிறார்கள். திருப்பூரில் மதியம் ஒன்றரை மணி என்றால் ஜெர்மனியில் குளிர்காலத்தில் காலை ஒன்பது. அங்கே அலுவலகம் திறந்ததும் இங்கிருந்து டிசைன் ஃபைல், சாம்பிள் படங்கள், ஷிப்மென்ட் ஆவணங்கள் ஏறத் தொடங்கும். கிடங்கில் சிசிடிவி படம் கிளவுடுக்குப் போய்க்கொண்டிருந்தால் அதுவும் அப்லோடு. டவுன்லோடு வேகத்தைப் பார்த்து பிளான் வாங்குகிறோம், குரல் நெரிபடுவது அப்லோடில்.

கிடங்கின் அப்லோடு 10 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெரிய ஃபைலை அனுப்பும் கம்ப்யூட்டர் ரவுட்டரை நிரப்பிக்கொண்டே இருக்கும். ரவுட்டர் எதையும் தூக்கி எறியாமல் வரிசையில் நிறுத்தி வைக்கும். வரிசையில் 500 கிலோபைட் தேங்கினால், அது 40 லட்சம் பிட். 10 எம்பிபிஎஸ்ஸில் அது கரைய 0.4 விநாடி. அந்த வரிசையின் கடைசியில் வந்து நிற்கும் 200 பைட் குரல் பாக்கெட் 400 மில்லி விநாடி காத்திருக்கிறது. ஒரு திசைத் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியுவின் ஜி.114 பரிந்துரை. 400 அதில் சொல்லப்பட்ட மேல் எல்லை. மொத்தத் தாமதத்துக்கான எல்லையை உங்கள் ரவுட்டர் ஒன்றே தின்றுவிட்டது.

தாமதம் நிலையாக இருந்தாலாவது பேச்சு ஒருவர்மேல் ஒருவர் மோதுவதோடு போகும். வரிசை கூடிக் குறைவதால் ஒரு பாக்கெட் 10 மில்லி விநாடியில், அடுத்தது 120-இல், அதற்கடுத்தது 30-இல் என்று வந்து சேரும். இந்த ஏற்ற இறக்கம்தான் ஜிட்டர். எதிர் போன் கொஞ்சம் பாக்கெட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டு சீராக ஒலிக்கும். 40 மில்லி விநாடி சேமிப்பு இருந்தால், அதற்குமேல் பிந்தி வந்த பாக்கெட் வந்தும் பயனில்லை, குப்பைக்குப் போகும். காதுக்கு அது தொலைந்த பாக்கெட்தான். சேமிப்பை 200-க்கு உயர்த்தினால் உடைவது குறையும், தாமதம் கூடும். அது மருந்தல்ல, வலியை இடம் மாற்றுவது.

சோதித்துப் பாருங்கள். கிடங்கிலிருந்து அலுவலகத்தின் பொது ஐபிக்குத் தொடர்ந்து பிங் ஓடவிடுங்கள். சும்மா இருக்கும்போது 8, 10 மில்லி விநாடி என்று வரும். அப்படியே ஓடவிட்டு ஒரு ஜிபி ஃபைலை அப்லோடு செய்யுங்கள். பிங் 300, 400 என்று ஏறினால் நோய் உறுதி. அலுவலகத்திலும் இதையே செய்யுங்கள்.

மருந்து ரவுட்டரில் இருக்கிறது. எஃப்கியூ-கோடல் அல்லது கேக் என்ற வரிசை முறை உள்ள ரவுட்டர் வேண்டும். ஓப்பன்டபிள்யூஆர்டி போட்ட ரவுட்டர்களிலும் மைக்ரோடிக்கின் ரவுட்டர்ஓஎஸ் 7-இலும் இவை உண்டு. அளந்த அப்லோடு 40 எம்பிபிஎஸ் என்றால் ரவுட்டரில் 36 என்று கட்டுப்படுத்துங்கள். டவுன்லோடையும் 90 சதவீதத்துக்குக் குறையுங்கள். நிறுவனத்தின் பெட்டியில் வரிசை தேங்காமல், வரிசை உங்கள் கையில் இருக்கும்படி செய்வதற்கே இந்தக் குறைப்பு. வேகத்தில் பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்க மனம் வராது. ஆனால் குரல் சீராவது முதல் நாளே தெரியும். கட்டுப்பாடு போடாமல் வெறுமனே எஃப்கியூ-கோடலைத் திறந்து வைப்பது பெரும்பாலும் பயன் தராது.

இதோடு போன்களில் டிஎஸ்சிபி மதிப்பை ஆர்டிபிக்கு 46 என்று வைத்தால் குரல் பாக்கெட்டுக்கு முன்னுரிமைக் குறி விழும். சில போன்களில் இதே இடத்தில் டாஸ் மதிப்பு கேட்கும், அங்கே 184 எழுத வேண்டும். இந்தக் குறி உங்கள் ரவுட்டரிலும் ஸ்விட்சிலும் வேலை செய்யும். பொது இணையத்தில் யாரும் அதை மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் ரவுட்டரில் வரிசையைச் சரிசெய்யாமல் டிஎஸ்சிபி மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

மேசையில் உள்ள போனுக்குக் கேபிள் இழுங்கள். வைஃபையில் ஐபி போன் ஓடும், ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றே. பக்கத்துக் கட்டடங்களின் ரவுட்டர்களும் அதே மூன்றில்தான் நெருக்கிக்கொண்டிருக்கும். மொபைலில் ஆப் வைத்துப் பேசுபவர்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் கொடுங்கள்.

கோடெக்கில் அதிகம் குழம்ப வேண்டாம். இந்தியாவில் ஜி.711-இன் ஏ-லா வகை வழக்கம். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மியூ-லா. டிரங்கில் ஏ-லாவை முதலில் வையுங்கள், நடுவில் மாற்றும் வேலை மிச்சம். உங்களுக்குள் பேச ஜி.722 போட்டால் அதே 64 கேபிபிஎஸ்ஸில் குரல் இன்னும் தெளிவாக இருக்கும். ஜி.729 வெறும் 8 கேபிபிஎஸ்தான், ஆனால் தலைப்பு 40 பைட் அப்படியே இருப்பதால் உண்மையில் 24 ஆகிறது. ஃபைபர் இருக்கும்போது குரலைச் சுருக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. மொபைல் டேட்டாவில் பேசுபவருக்கு ஓபஸ் நல்லது. கால் இணையாமல் 488 என்ற எண் வந்தால் இரு பக்கமும் ஒத்துக்கொள்ளும் கோடெக் இல்லை என்று பொருள். வங்கிக்குக் கால் செய்து 'ஒன்றை அழுத்தவும்' என்றால் அழுத்தியது போய்ச் சேரவில்லையா, டிடிஎம்எஃப் (அழுத்திய எண்ணை அனுப்பும்) முறையை ஆர்எஃப்சி 4733 என்று மாற்றுங்கள். பழைய போன்களில் 2833 என்று இருக்கும், இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும்.

லேண்ட்லைன் இரண்டும் எஃப்எக்ஸ்ஓ கேட்வே (லேண்ட்லைன் குரலைப் பாக்கெட்டாக்கும் பெட்டி) வழியாக பிபிஎக்ஸுக்கு வருகின்றன. உங்கள் குரலே உங்களுக்குத் திரும்பிக் கேட்டால், அது உங்கள் போனில் உண்டாவதில்லை. இரண்டு கம்பி லைன் டிஜிட்டலாக மாறும் அந்தக் கேட்வேயில், போகும் குரலில் ஒரு பகுதி பிரதிபலித்துத் திரும்புகிறது. பழைய போனிலும் இது இருந்தது, சில மில்லி விநாடியில் திரும்பியதால் தெரியவில்லை. இப்போது பாக்கெட்டாக்கி, சேமித்து, ஒலிக்க 60, 80 மில்லி விநாடி ஆவதால் தனியாகக் கேட்கிறது. கேட்வேயில் எதிரொலி நீக்கியைத் திறந்து, லைனுக்கு அனுப்பும் ஒலியின் அளவை 3 டெசிபல் வீதம் குறைத்துப் பாருங்கள். பிறகு இம்பீடன்ஸ் (லைனின் மின் எதிர்ப்பு) அமைப்பை ஒவ்வொன்றாக மாற்றி எதில் எதிரொலி அடங்குகிறதோ அங்கே நிறுத்துங்கள்.

பேசி முடித்தும் லைன் பிஸியாக நிற்பதற்குக் காரணம் கேட்வேயின் நாட்டு அமைப்பு. எதிரில் வைத்துவிட்டார் என்பதை அது எக்ஸ்சேஞ்ச் தரும் பிஸி டோனைக் கேட்டே தெரிந்துகொள்கிறது. இந்திய பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ், 0.75 விநாடி ஒலி, 0.75 விநாடி மௌனம். பல கேட்வேக்கள் அமெரிக்க அமைப்போடு வரும். அங்கே 480-ம் 620-ம் சேர்ந்த ஒலி, அரை விநாடி விட்டு அரை விநாடி. உங்கள் கேட்வே அமெரிக்க டோனுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறது, அது வரப்போவதே இல்லை. நாட்டை இந்தியா என்று மாற்றுங்கள், அப்படித் தேர்வு இல்லை என்றால் இந்த எண்களைக் கையால் எழுதுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் இன்றைக்கே பார்க்க வேண்டியது. பிபிஎக்ஸின் 5060 உலகத்துக்கே திறந்திருந்தால், அதைத் தேடும் தானியங்கி நிரல்கள் சீக்கிரமே வந்துவிடும். எக்ஸ்டென்ஷன் 101, கடவுச்சொல்லும் 101 என்று இருந்தால் அவற்றை ஏவிய திருடர்கள் உள்ளே நுழைந்து, ஆளில்லாத இரவில் கட்டணம் அதிகமான வெளிநாட்டு எண்களுக்குக் கால் மேல் கால் போடுவார்கள். அந்தக் கட்டணத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு. பில் உங்கள் பெயரில் வரும். ஃபயர்வாலில் டிரங்க் நிறுவனத்தின் ஐபிக்கு மட்டும் 5060-ஐத் திறந்து மற்றதை மூடுங்கள். கிடங்கு விபிஎன்னில் வந்துவிட்டால் அதற்காக எதையும் திறக்க வேண்டாம். கடவுச்சொல் ஃப்ரீபிபிஎக்ஸ் தானாக உண்டாக்கும் நீளமானதே இருக்கட்டும். ஐஎஸ்டி தேவைப்படும் எக்ஸ்டென்ஷனுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள், அதுவும் நீங்கள் பேசும் நாடுகளின் குறியீட்டுக்கு மட்டும். நிறுவனத்திடமும் ஒரு தொகை வரம்பு வைக்கச் சொல்லுங்கள். ஆர்டிபிக்குப் பத்தாயிரம் போர்ட்டுகள் தேவையில்லை. 12 காலுக்கு, காலுக்கு நான்கு வீதம் 48 போதும், 10000 முதல் 10200 வரை சுருக்கிவிடலாம்.

சட்டம். இந்தியாவில் இணையத் தொலைபேசி 2002 ஏப்ரல் 1 முதல் அனுமதிக்கப்பட்டது. ஆனால் இணையத்தில் வரும் காலை நாட்டுக்குள் இருக்கும் சாதாரணப் போனில் இறக்க இணைய நிறுவனங்களுக்கு அனுமதி தரவில்லை. உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனங்கள் இணையம் வழியாக அந்தச் சேவை தரலாம் என்று தொலைத்தொடர்புத் துறை 2018 ஜூனில் தெளிவுபடுத்தியது. உங்கள் இரண்டு இடத்து ஆட்களும் தங்களுக்குள் பேசிக்கொள்வதில் சிக்கல் இல்லை. உரிமம் பெற்ற நிறுவனத்தின் சிப் டிரங்கில் வெளியே பேசுவதிலும் இல்லை. வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாகக் காலைக் கொண்டுவந்து உங்கள் லேண்ட்லைனிலோ சிம்மிலோ இறக்குவது குற்றம். சிம் பாக்ஸ் (பல சிம்களைப் போட்டு இப்படிக் கால்களை இறக்கும் பெட்டி) வழக்குகள் பலவும் இதைப் பற்றியவையே. வெளிநாட்டில் இருக்கும் உங்கள் முகவருக்கு ஓர் எக்ஸ்டென்ஷன் கொடுத்து, அதிலிருந்து அவர் உள்ளூர் எண்களுக்குப் பேச விடாதீர்கள், அது அந்தக் கோட்டைத் தாண்டுவது. அலுவலகத்து லேண்ட்லைனைக் கிடங்கு எக்ஸ்டென்ஷன் பயன்படுத்துவதற்கும் லேண்ட்லைன் நிறுவனத்திடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மின்சாரம். பழைய செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்தது, ஊரெல்லாம் இருண்டாலும் போன் பேசும். இப்போது ஃபைபர் பெட்டி, ரவுட்டர், ஸ்விட்ச், பிபிஎக்ஸ், போன் ஐந்தும் உயிரோடு இருக்க வேண்டும், ஒன்று அணைந்தாலும் மௌனம். போன்களுக்குத் தனித்தனி அடாப்டர் வைக்காமல் பிஓஇ ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் தருவது) போட்டால் அந்த ஒரு ஸ்விட்சையும் மற்ற மூன்றையும் ஒரே யூபிஎஸ்ஸில் மாட்டிவிடலாம். 802.3ஏஎஃப் பிஓஇ ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை தரும், சாதாரண மேசை போனுக்கு அதில் பாதிகூட ஆகாது. வாங்கும்போது ஸ்விட்சின் மொத்த பிஓஇ வாட்டைப் பாருங்கள், 16 போர்ட் இருந்தும் மொத்தம் 60 வாட்தான் என்று சில மாடல்கள் இருக்கின்றன. லேண்ட்லைனில் செம்புக் கம்பியில் வரும் லைன் ஒன்று இன்னும் இருந்தால், அதில் ஒரு சாதாரணப் போனை நேரடியாக மாட்டி வாசல் பக்கம் வையுங்கள், 112-க்குப் பேச.